நடுக்குரல்

எலத்தகிரிக் கோயிலில் எங்களைச் சேர்த்து நிறுத்தியது
குரல் அல்ல, உயரம்.
குட்டையான பிலோமினா முன்னால், அதனால் மெட்டு அவளுக்கு.
அவள் தலைக்கு மேலே தெரிந்த என் வாய்க்கு
மெட்டுக்குக் கீழே ஓடும் வரி.
கஸ்பாருக்குக் கழுத்து நரம்பு புடைக்கும் இடம்.
முனிரத்தினம் பாட வரவில்லை, மைக்செட் போட வந்தான்.
ஹலோ ஹலோ ஒகட்டி ரெண்டு என்று அவன் சோதித்தபோது
ஜன்னல் கண்ணாடியில் மிக்கேல் சம்மனசு லேசாக நடுங்கினார்.
அவனைப் போகவிடவில்லை.

முதல் காசு பர்கூரில்,
ஜவுளிக்கடைத் திறப்புக்கு. ஆளுக்கு நூறு ரூபாயும் ஒரு துண்டும்.
நாற்குரல் குழு என்று எழுதிக் கொடுத்தோம்.
காவேரிப்பட்டணத்து அச்சகம்
நாய்க்குரல் குழு என்று
ஐந்நூறு நோட்டீஸ் அடித்துவிட்டது.
அன்று வந்த கூட்டம் அதற்குப் பிறகு வந்ததே இல்லை.
முன்வரிசைப் பையன்கள் குரைத்தார்கள்.
முனி அதே சுருதியில் திருப்பிக் குரைத்தான்,
நாங்கள் மூன்று பேரும் அதன்மேல் ஏறிக்கொண்டோம்.

பாட்டெல்லாம் நாங்களே கட்டியவை.
டயர் வெடித்துச் சூளகிரி மேட்டில் நின்ற லாரி.
மாம்பழக்கூழ் ஆலையில் இரவு ஷிப்ட்.
அணை திறந்தார்களா என்று கேட்டுக் கேட்டே மூன்று சரணம்.
ஆறு வருஷம், ஒரு மெட்டடார் வேன்,
ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு, அரூர்.
கேசட் ஒன்று போட்டோம், ஆயிரம் பிரதி.
அறுநூற்று நாற்பது விற்றது.
மீதி இன்னும் என் கட்டிலின் ஒரு காலைத் தாங்குகிறது.

சென்னையில் போட்டி. மூன்றாம் பரிசு.
நடுவர் எழுந்து வந்து கேட்டார்,
முன்னால் நின்று பாடியது யார்?
மூன்று பேரும் கைநீட்டினோம்,
அதையும் ஒரே நேரத்தில்.

பிலோமினா பெங்களூருக்குப் போனாள். சண்டை இல்லை.
சோப்பு விளம்பரத்தில் இரண்டு நொடி,
ஊறுகாய் விளம்பரத்தில் நான்கு.
டீக்கடை டிவியில் அவள் குரல் வந்தால்
என் தொண்டை தானாகக் கீழே இறங்கும்,
பக்கத்தில் நிற்பவர் கிளாஸோடு ஓரடி நகர்ந்துகொள்வார்.
அவள் இடத்துக்கு ஜெசிந்தா வந்தாள். நல்ல குரல்.
மூன்றே மாதத்தில் தனியாகப் பாடப் பிரியப்பட்டாள்.
கஸ்பார் இரண்டு லாரி வாங்கினான்,
முனி சிந்தகம்பள்ளி ஆலையில் பாய்லருக்குப் போனான்.
குழு முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை.
வேனை விற்ற பணத்தை நாலு கவரில் போட்டேன்,
பிலோமினாவின் கவரைத் தபாலில் அனுப்பினேன்,
அவ்வளவுதான்.

போன வைகாசியில் முனிக்குப் பணி ஓய்வு.
பழக்கூடை அடுக்கிய மேடை, ஈ மொய்க்கும் மாலை.
மேனேஜர் மைக்கை என்னிடம் நீட்டினார்,
அக்கா, அந்த லாரிப் பாட்டு.

பாடினேன்.
பல்லவி முடியும் முன்பே முகங்களில் தெரிந்தது
இது எந்தப் பாட்டு என்று.
வார்த்தை அதேதான். சூளகிரி மேடு அதேதான்.
நான் பாடியது என் வரியை.
மெட்டு எனக்குக் காதால் தெரியும்,
தொண்டைக்குத் தெரியாது.

மாலையோடு நாற்காலியில் இருந்தபடியே
முனி கீழ்க்குரலைத் தொடங்கினான்.
பாய்லர் பக்கத்தில் இருபது வருஷம் புழுங்கிய குரல்,
அடியில் இரண்டு ஸ்வரம் உதிர்ந்து போயிருந்தது.
இப்போது இரண்டு வரி.
மேலே அவள் நின்ற இடம்,
ஆள் எழுந்துபோன கோரைப்பாய் மாதிரி
பள்ளம் விழுந்து, சூடாக.

டீ ஊற்றிக்கொண்டிருந்தவர், பெயர் தெரியாது,
வாளியைக் கீழே வைக்காமலே ஏதோ முணுமுணுத்தார்.
எங்கள் பாட்டு இல்லை அது.
ஏதோ மாரியம்மன் பண்டிகைப் பாட்டு, தெலுங்கில் பாதி.
உட்கார்ந்துகொண்டது.

முனி என்னைப் பார்த்தான்.
ஒகட்டி ரெண்டு என்று உதடு அசைந்தது.
மறுபடி பல்லவிக்குப் போனோம்.