பிழை திருத்தப்பட்டது

கூட்டம் தொடங்கிய நேரம்: மாலை ஆறு ஐந்து.
வந்திருந்தோர்: ஐவர்.
வராதவர்: லூசியன் மிஷோ.
ஊரின் பனி அள்ளும் வண்டி அவருடையது.
அவர் இங்கே உட்கார்ந்திருந்தால்
மற்ற ஐவரும் வந்திருக்க முடியாது.
(கடைசி மூன்று வரிகளைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.)

மேய்னின் வடகோடி. ஆற்றைத் தாண்டினால் கனடா.
பள்ளி நூலகத்தில்
பத்து வயதுக்கு அளவெடுத்த நாற்காலிகளில்
முழங்கால் மோவாயைத் தொட
பெரியவர்கள் பணம் பேசுகிறார்கள்.

தலைவர் ரோசேர் சிர்,
உருளைக்கிழங்கு போடுகிறவர்.
அக்டோபர் மண் பிப்ரவரியிலும் அவர் நகக்கண்ணில் இருக்கிறது.
"கொதிகலன் இந்த வருஷம் தாங்காது" என்கிறார்.
இதே வாக்கியத்தை ஒன்பது வருஷமாகப் பதிவு செய்கிறேன்.
தரைக்கடியில் கொதிகலன்
ஆமாம் என்பதுபோல் ஒருமுறை இருமுகிறது.

எதிர்மேசையில் ஆசிரியர் தரப்பு, மூன்று பேர்.
கணக்கு டீச்சர் ஓடில் கன்யோன்
பழைய சம்பளச் சீட்டையும் புதியதையும்
ஒன்றன்மேல் ஒன்று வைத்து
விளக்குக்கு நேரே பிடிக்கிறார்.
சம்பளம் சாண் ஏறியிருக்கிறது.
காப்பீட்டுத் தவணை முழம் சறுக்கியிருக்கிறது.
"போன வருஷத்தைவிட இந்த வருஷம்
பின்னக் கணக்கைப் பதினோரு டாலர் மலிவாகச்
சொல்லிக்கொடுக்கிறேன்."
ஒருவர் மட்டும் சிரித்து
அதைத் தும்மலாக மாற்றிக்கொண்டார்.

பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம்.
முட்டை வேகவைக்கும் கடிகாரம்; திருகி வைப்பது என் வேலை.
மரம் வெட்டிய காலத்துத் தோள்களோடு
எல்ஃபேஜ் எழுந்தார்.
"கோடை முழுக்க இவர்களுக்கு லீவுதானே?"
மூன்றாம் வகுப்பு ஜோலீன் உட்கார்ந்தபடியே சொன்னாள்:
"போன ஜூலையில் உங்கள் ரம்பத்துக்கு
எண்ணெய் எடுத்துக் கொடுத்தது யார்?
கடைச் சட்டையில் என் பெயர் குத்தியிருந்ததே."
மணி அடித்தது.
யாருடைய நேரம் முடிந்தது என்று தெரியவில்லை.

ஒன்பது நாற்பது.
அவர்கள் கேட்டது மூன்று சதவீதம்.
வாரியம் தருவது இரண்டேகால்.
நான் தட்டச்சு செய்த அட்டவணை கைமாறுகிறது,
தலைவரின் கையெழுத்து விழுந்தாயிற்று.

பதினான்காம் வரியில்
இரண்டேகாலுக்குப் பதில்
இரண்டேமுக்கால் அடித்திருந்தது என் விரல்.
பதினான்கு வருஷம் முடித்தவர்களின் வரி அது.
ஊரில் அப்படி நான்கு பேர்.
ஓடில் ஒருவர்.

அவர் பென்சில் மேலிருந்து இறங்கி வந்தது.
பதினான்கில் நின்றது.
என்னைப் பார்த்தார்.
நான் முட்டைக் கடிகாரத்தைப் பார்த்தேன்.
கொதிகலன்கூட இருமவில்லை.

"பதினான்காம் வரி தப்பு" என்றார்,
கரும்பலகை முன்னால் நின்று சொல்கிற அதே குரலில்.

ரோசேர் கண்ணாடியைக் கழற்றினார்.
இருக்கட்டும், அப்படியே விடுங்கள் என்பார்
என்று ஒரு கணம் நினைத்தேன்.
"நன்றி" என்றார்.
எல்லா வரிகளுக்கும் இரண்டேகால்.
ஐந்துக்குப் பூஜ்யம்.
ஆசிரியர்கள் யோசித்துச் சொல்வார்கள்.

வெளியே லூசியன் தெருவைச் சுத்தமாக்கி
கார்களுக்கு மதில் கட்டிவிட்டுப் போயிருந்தார்.
ஓடிலின் காருக்கு இந்தப் பக்கம் அவர்,
அந்தப் பக்கம் தன் மண்வெட்டியோடு ரோசேர்.
பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை,
அதனால் இருவரும் பேசவில்லை.

காலையில் தட்டச்சு செய்கிறேன்:
'அட்டவணையில் ஒரு பிழை சுட்டிக்காட்டப்பட்டது.
திருத்தப்பட்டது.'
யார் செய்தது, யார் சுட்டியது,
அந்த நான்கு பேருக்கு அதன் விலை என்ன,
வினைச்சொல்லில் உட்கார இடமில்லை.
எழுவாய் இல்லாத வாக்கியங்களுக்கு
மணிக்கணக்கில் கூலி எனக்கு.
எந்த வரியிலும் வராது;
'இதர செலவுகள்' என்று போகும்.

பிழை அவருக்கு எட்டாமல் போனது.
பிழைப்பு எனக்கு நின்றது.

கூட்டம் முடிந்த நேரம்: பத்து பன்னிரண்டு.