கையால் உழக்குதல்

செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி.
டூங்காபி சமூகக் கூடத்தின் பின்னறையில்
நாலு சக்கர நாற்காலிகள், ஒரு மின்விசிறி,
யாரோ கழற்ற மறந்த
போன வருட நத்தார்ச் சரிகை.

மெரின் என் இடக்கையைப் பிடியோடு சேர்த்துப்
பட்டையால் கட்டுகிறாள்.
இடக்கை விருந்தாளி மாதிரி,
வந்தால் வந்ததுதான், வேலை சொல்ல முடியாது.
வலக்கை வீட்டுக்காரி.

இந்த யந்திரத்துக்கு எங்கள் பாஷையில் பேர் இல்லை.
மிதிவண்டி என்றால் மிதிக்க வேண்டும்.
மிதிக்கிற இரண்டும் பலகையில்
அடி தேயாத சப்பாத்தோடு இருக்கின்றன.
உழக்குகிறேன் என்றால் சரியாக வருகிறது.
அந்தச் சொல்லுக்குக் கால் கட்டாயமில்லை என்று
நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

சூடேறினால் எனக்குக் கண் மங்கும்.
நரம்பின் உறை அங்கங்கே அரித்துப் போனதால்
வெக்கையில் செய்தி வழியில் நின்றுவிடும்.
அதனால் குளிர்ச்சட்டை.
அதன் ஐஸ் பொதிகள் இரவு முழுக்க
வீட்டு ஃப்ரீசரில்
முருங்கையிலைக்கும் திருக்கைக்கும் நடுவில் கிடந்து
மெல்லிய மீன் மணத்தோடு வருகின்றன.
"மத்தியானச் சாப்பாடா?" என்பார் ஸ்டாவ்ரோஸ்,
முப்பது வருடம் குழாய் பொருத்தியவர்.
அவருக்கு வந்திருப்பது மெதுவான வகை.
மெதுவானது நல்லதென்று இல்லை.

கோயில் வாசலில் கேட்கிறார்கள்:
"எக்சர்சைஸ் செய்யிறீராமே, எப்ப நடப்பீர்?"
நடக்கிறதுக்கு இல்லை என்றால்
முகம் விழுந்துவிடுகிறது அவர்களுக்கு.
நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறது.

நடக்கிறதுக்கு இல்லை.
கட்டிலிலிருந்து நாற்காலிக்கு
அபிநயனை எழுப்பாமல் மாற.
இருமும்போது ஒருபக்கம் சரியாமல் இருக்க.
குக்கர் மூடியைத் திருக.
பிராக் கொக்கியைப் பின்னால் போட.
படிவத்தில் "இலக்கு" என்ற கட்டம் சிறியது.
சுயசார்பு என்று எழுதினேன்.
கொக்கியைப் பற்றி எழுதவில்லை.

ஐந்தாம் கிழமை இரண்டு நாள் படுத்தே கிடந்தேன்.
களைப்பு என்றால் எல்லாரும் "எனக்கும்தான்" என்கிறார்கள்.
இது ஈரச்சாக்கை உடுத்திக்கொண்டு
ஒரு தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்குவது.
எட்டு நிமிடத்தை நாலாக்கினாள் மெரின்,
பென்சிலால்.
அழிக்கத்தான் பென்சில் என்று விளங்கியபோது
எனக்கு அழுகை வந்தது.

பன்னிரண்டாம் கிழமை அளந்தார்கள்,
ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் தள்ளுகிறோம் என்று.
முதல் நாள் எனக்கு நூற்று எண்பத்தெட்டு மீற்றர்.
இன்று இருநூற்று மூன்று.
ஸ்டாவ்ரோஸுக்கு ஒன்றும் கூடவில்லை.
குறையவில்லையே, என்றாள் மெரின்.
அவர் எனக்காகக் கைதட்டினார்.
இரண்டு தடவை உள்ளங்கைகள்
ஒன்றையொன்று தவறவிட்டன.

பதினைந்து மீற்றரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும்
சரிவான கொங்கிரீட்டில் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து இறங்கித்
தபால்பெட்டிவரை போனேன். இந்த வருடத்தில் முதல் தடவை.
காஸ் பில். பீட்சா விளம்பரம்.
பத்தொன்பதாம் இலக்கத்துக்குப் போகவேண்டிய
கல்யாணக் கார்டு ஒன்று, வழி தவறி.
மூன்று வீடு தள்ளி. மேடு.
முப்பத்தாறு பாகை வெயில்,
சட்டைக்குள் ஐஸ் தண்ணீராகி நேரமாயிற்று.

கல்யாணம் வருகிற மாதம்தானே.
நாளைக்கு விடியப்புறம் கொண்டுபோகலாம்.

திரும்பினேன். அப்போதுதான் உறைத்தது,
இறங்கியதெல்லாம் ஏற்றமாக நிற்கிறது.
அதை யாரும் அளக்கவில்லை.
வலக்கை தள்ளத் தள்ள
நாற்காலி இடப்பக்கம் புல்லுக்குள் போகப் பார்க்கிறது.
ஒரு தள்ளு. பிரேக். மூச்சு.
ஒரு தள்ளு.
மடியில், உறைமேல் பொன்னெழுத்தில்,
எனக்குத் தெரியாத இரண்டு பேர்
என்னோடு மேலே வருகிறார்கள்.