மிதி

"மிதியுங்கோ அக்கா, மிதியுங்கோ!"
கத்துகிறான் கஜீபன்.
என் வலது கால்
பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலே
அந்தரத்தில் நிற்கிறது.

அவனுக்குத் தெரியாது,
ஒன்பது வருஷம்
இந்தக் காலுக்குச் சம்பளம் தந்ததே
மிதிக்காமல் இருப்பதற்கு.
நான் தோண்டியெடுத்த பொருளின் பேரே
மிதியில்தான் தொடங்கும்.

விடிய நாலரைக்கு வான் வரும்.
முகத்துக்குக் கண்ணாடித் திரை, நெஞ்சுக்குக் கவசம்,
ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு கீலம்.
முழங்காலில் இருந்து
புல்லைக் கத்தரித்து மண்ணைச் சுரண்டினால்
நாளுக்குப் பன்னிரண்டு சதுர மீற்றர்.
சில நாளில் நாலு.
ஆமை கூட என்னை முந்திப் போயிருக்கிறது,
கதைக்குச் சொல்லவில்லை,
அம்பகாமம் காட்டோரம், ஒரு நட்சத்திர ஆமை.

போன மாசியில் வேலை முடிந்தது.
வானும் நின்றது.
சேமலாப நிதிக் காசில்
பழைய சிவப்பு மோட்டார் சைக்கிள் ஒன்று.
டாங்கியில் யாரோ ஒட்டிய கழுகுக்கு
ஒரு சிறகு இல்லை.
"பெப் எடுத்திருக்கலாமே, இந்த வயசில"
என்றாள் மச்சாள் இதயராணி.
பெப்பில் ரெண்டு மூடை கச்சான் ஏறாது.
எனக்கு நாற்பத்தொன்பது.
மூடை வயசு கேட்காது.

முதல் கிழமையில் விழுந்தது நாலு தரம்.
சைலன்சர் கெண்டைக்காலில்
வெற்றிலையளவு சுட்டது.
"கீழ பாக்காதேங்கோ. டயரைப் பாத்தால் விழுவியள்.
அங்க, அந்தப் பாலைமரத்தைப் பாருங்கோ."

பாலைமரம் முந்நூறு மீற்றரில்.
அவ்வளவு தூரம் பார்த்து எத்தனை காலம்.
துருவின் நிறம், வயர் நுனி,
புல் கொஞ்சம் வேறுமாதிரி நிற்கிற இடம்,
பார்வை என்றால் எனக்கு அதுதான்.
"மரத்தைப் பாத்தால் மரம் வரும்" என்றான்.
வந்தது.
நிறுத்தத் தெரியவில்லை.
மரத்துக்கு ஒன்றுமில்லை.

எழுத்துப் பரீட்சைக்குக் கிளிநொச்சி.
முழங்கால் ஆட்டிக்கொண்டு
பக்கத்து வாங்கில் பெடியள்.
கேள்வித்தாள் நிறைய வீதிப் பலகைகள்:
வளைவு, பாடசாலை, மாடு கடக்கும்.
சிவப்பில் மண்டையோடு போட்டது மட்டும்
அதில் இல்லை.
நித்திரையிலும் எனக்குத் தெரிந்தது
அந்த ஒன்றுதான்.
எப்படியோ முப்பத்தாறு சரி.

ட்ரயலில் எட்டுப் போட வேணும்.
எட்டின் இடுப்பில் கால் ஊன்றிவிட்டேன்.
ஊன்றினால் பெயில்.
பரீட்சகர் குருநாகல்காரர்,
தமிழை எண்ணி எண்ணி எடுத்துப் பேசுவார்.
"ஏன் அம்மா கீழ பாக்கிறது? சல்லி விழுந்ததா?"
வரிசை முழுக்கச் சிரித்தது. நானும்.
சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

இரண்டாந்தரம் மழை தூறியது.
வேலிக்கு அப்பால் ஒரு மாடு,
இந்தப் பக்கம் ஒரு தகரக் கூரை.
ஒரு வட்டத்துக்கு மாடு,
மறு வட்டத்துக்குத் தகரம்.
மாடு அசையவில்லை. அதற்கு நன்றி.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று
மூடையில்லாமல் சும்மா எடுத்துக்கொண்டு போனேன்.
விசுவமடுவில் பொலிஸ் நின்றது.
வாழ்நாளில் எத்தனை மறிப்பு.
இறங்கு, நட, அடையாள அட்டை, பையைத் திற,
இவர் யார், எங்கே போகிறாய்.
தூரத்தில் தொப்பியைக் கண்டாலே
வயிறு கலங்கும்.
இன்றைக்கு மட்டும்
மறிக்கட்டும் என்று வேகத்தைக் குறைத்தேன்.
கைப்பையின் சிப்பைக் கூட
முன்கூட்டியே திறந்து வைத்திருந்தேன்.

அவர் போனில் யாரோடோ சிரித்துக்கொண்டு
போ போ என்று கையைக் காட்டினார்.

சந்தி தாண்டி, வாசிகசாலையடியில்
சிக்னல் போட்டு
கண்ணாடி பார்த்து
மிதித்துத்
திருப்பினேன்.
இன்னொருக்கால் வந்து பார்ப்பம்.