அசையும் சுமை

ஏப்ரலில் பனி விலகியதும்
என் மேசைக்கு மரத்தளங்கள் வரத் தொடங்கும்.
டுலூத் நகராட்சி, இரண்டாம் மாடி,
கட்டட அனுமதிப் பிரிவு.

எல்லாம் கணினியில் வரைந்தவை.
எல்லாவற்றிலும் ஜூலை, மாலை நான்கு மணி.
கைப்பிடிக் கம்பிகளின் நிழல்
சீப்பின் பற்களாய் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.
ஒருவர் வீட்டிலும் கொசு இல்லை.
மேசைமேல் ஒரு தட்டில் எலுமிச்சம்பழங்கள்,
மென்பொருளோடு இலவசமாக வந்தவை.
அதே ஏழு பழங்களை இந்த வருடம்
பதினொரு வீடுகளில் எண்ணிவிட்டேன்.

வெர்னா கிவேலாவின் தாளிலும் அதே ஏழு.
பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்.
காலைச் சுற்று முடித்து
சாவிக்கொத்தோடு வந்து நின்றார்.
பதினாறடிக்குப் பன்னிரண்டு, சீடார் பலகை,
சமையலறைக் கதவிலிருந்து மூன்று படி.
முப்பது நாள் இலவசத்தின்
இருபத்தொன்பதாம் இரவில் அச்சிட்டாராம்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன்.
தூண்குழி மூன்றடி என்று இருந்தது.
“இங்கே மண் ஐந்தடி உறையும்.
மூன்றில் நிறுத்தினால், குளிர்காலம்
தூணைப் பல்லைப் போலப் பிடுங்கிவிடும்.”
“அதற்கு ஒரு கட்டம் இருந்தது.
புரியவில்லை.
அதுவே போட்ட எண்ணை விட்டுவிட்டேன்.”
ஐந்து என்று எழுதி வட்டமிட்டேன்.
சுவர்ப்பலகைக்கு ஆணி போதாது, போல்ட் வேண்டும்.
நடுப்படி அரை அங்குலம் கூடுதல்;
கண் மறந்தாலும்
கால் கணக்கு வைத்திருக்கும்.

அப்புறம்தான் அவனைப் பார்த்தேன்.
கைப்பிடியோரம், நீலச் சட்டையில் ஒருவன்.
முகத்தில் மூக்கு மட்டும் இருந்தது.
அவனுக்கு எதிரே
காகிதம் முடியும்வரை பச்சைப் புல்.

“யார் இது?”

“அளவு தெரிவதற்காக அது வைக்கும் ஆள். ஆறடி.
அழிக்கத் தெரியவில்லை.
முதலில் அடுப்புக்கு நடுவில் நின்றான்.
படியில் வைத்தால்
முழங்கால்வரை மரத்துக்குள் போய்விடுகிறான்.
இழுத்து இழுத்து இங்கே கொண்டுவந்தேன்.
அந்தப் பக்கம் ஏரி.”
சாவிக்கொத்தைப் புரட்டினார்.
“அழிக்கத் தெரியாதது முதல் வாரம்தான்.
பிறகு தெரிந்துவிட்டது.”

பின்னால் கார்க்கொட்டகை வரைபடத்தோடு நின்றவர் இருமினார்.

படிவத்தில் சுமைக்கு இரண்டு கட்டங்கள்.
அசையாச் சுமை: பலகை, உத்தரம், திருகாணி.
அசையும் சுமை: நாற்காலிகள், வந்துபோகிறவர்கள்.
பனிக்குத் தனிக் கணக்கு.
இருபத்திரண்டு வருடமாக நிரப்புகிறேன்.
வராமலே நிற்கிற ஒருவனை
எதில் சேர்ப்பது என்று
யாரும் கேட்டதில்லை.

“நிற்கட்டும்,” என்றேன்.
“கைப்பிடி முப்பத்தாறு அங்குலம். சாய்ந்தாலும் தாங்கும்.”
“சாயமாட்டான்,” என்றார். “முயன்று பார்த்தேன்.”

ஜூனில், குழி பார்க்கும் ஆல்டன் விடுப்பில் இருக்க
நானே போக நேர்ந்தது.
காலை பத்து மணி. தூறல். கழுத்தெல்லாம் கொசு.
நான்கு குழிகளிலும் நாடா இறக்கினேன்:
ஐந்தடி, ஐந்தடி, ஐந்தடி இரண்டங்குலம், ஐந்தடி.
வெர்னா மழைக்கோட்டில்
கடைசிக் குழியோரம் போய் நின்றார்.
“இங்கேதான் அவன்.”

அங்கிருந்து தெரிந்தது
பக்கத்து வீட்டுக் கொட்டகையின் கூரை.
தகரம், துரு, ஓர் உடைந்த ஆண்டெனா.

“கணினியில் இந்தக் கூரை இல்லை,” என்றார்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்;
என் வேலை குழியோடு முடிந்துவிட்டது.
சேற்றில் மேற்கே ஓர் எட்டு வைத்துப் பார்த்தேன்.
இன்னோர் எட்டு.
கூரைக்கும் பிர்ச் மரத்துக்கும் நடுவே
விரல் அகலத்தில் சாம்பல் நிறத் தண்ணீர்.
அதில் இரும்புத்தாது ஏற்றிய ஒரு கப்பல்
மூக்கை நுழைத்து
வெகுநேரம் எடுத்துக்கொண்டு
வாலை இழுத்துப் போனது.

அவரும் வந்து நின்று பார்த்தார்.

வண்டியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தேன்.
தூண்குழிகள் சரி, என்று கையெழுத்திட்டு
ஓரத்தில் சிவப்பில் ஒரு திருத்தம்:
ஆள் — மேற்கே நான்கடி.