இரண்டு வாளிகள்

கோட்கா துறைமுகத்துக்கு மேலே, மூன்றாம் மாடியில் என் வீடு.
அக்டோபர் கடைசியில் ஒஸ்மோ குடிவந்தான்.
அவனுக்கு அறுபத்தொன்று, எனக்கு ஐம்பத்தெட்டு.
கட்டிலில் தகராறு இல்லை.
புத்தகங்கள் தோளோடு தோள் இடித்து
எப்படியோ நின்றுகொண்டன.
சண்டை வந்தது
நடையின் கோடியில்,
ஒரு முழ அகலத்தில்,
திறந்தால் தும்மல் வரும்
துப்புரவு அலமாரியில்.

மேல் தட்டில் என் வினிகர் இரண்டு புட்டி,
அவனுடையது ஒன்று.
பைன் சவர்க்காரம், குப்பைப் பைகள், எஃகு நார்,
ஒற்றைக் கையுறைகள் ஐந்து,
ஐந்தும் இடக்கைக்கு.
வலக்கைகள் எங்கே என்றால்
"அவைதானே வேலை செய்தவை" என்கிறான்.

அவன் துடைப்பத்தின் கழுத்தில் சிவப்பு நாடா.
விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சமா என்றேன்.
ஆணியில் மாட்டத்தான் என்றான்.
கப்பலில் எல்லாம் மாட்டித்தான் இருக்கவேண்டும்,
இல்லாவிட்டால் இரவில் நடமாடும்.

சமையல் சோடா அவனிடம்
சர்க்கரை என்று எழுதிய தகரத்தில் இருந்தது.
அதை எனக்கு முதல் ஞாயிறு
காப்பி சொல்லித் தந்தது.
திங்களன்று நானே சீட்டுகள் எழுதி ஒட்டினேன்,
தட்டுக்குத் தட்டு, கொட்டை எழுத்தில்.
புதனன்று பார்த்தால்
என் சீட்டுகளுக்குக் கீழே அவன் கையெழுத்து:
'கண்ணாடிக்கு' என்பதன் அடியில் 'மழைக்குப் பிறகு'.
'அடுப்புக்கு' என்பதன் அடியில் 'மீன் பொரித்த அன்றே'.
கிழிக்க மனம் வரவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அவனுக்கு எதற்கும் வெளுப்பான்.
எனக்கு எதற்கும் வினிகர்.
இரண்டையும் ஒன்றாக ஊற்றினால்
மூச்சு முட்டும் வாயு வரும் என்று
புட்டியின் முதுகில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
சத்தமாக வாசித்தான்.
வாசித்து முடித்தபின்
இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு வெளுப்பானைக் கீழ்த் தட்டில் வைத்தேன்,
நடுவில் துணிகள்.

துணிகள்தான் பெரிய மூட்டை.
அவன் கொண்டுவந்ததில்
மஞ்சள் பூப்போட்ட சட்டைத் துண்டு ஒன்று,
பொத்தான் துளையோடு.
நான் கொண்டுவந்ததில்
கட்டம்போட்ட பிளானல், கழுத்துப்பட்டை அப்படியே.
நான் கேட்கவில்லை.
அவனும் கேட்கவில்லை.
சனிக்கிழமை அவன் பிளானலால் சன்னலைத் துடைத்தான்,
நான் பூக்களால் குளிர்பெட்டியைத் துடைத்தேன்.
இரண்டையும் வெந்நீர்க் குழாய்மேல் உலர்த்தினோம்.

கடைசியில் மிஞ்சியவை வாளிகள்.
என்னுடையது நீல பிளாஸ்டிக், பிடி போய்க் கம்பி கட்டியது.
அவனுடையது துத்தநாகம்.
அடியில் ஆணியால் கீறிய பெயர்: ரக்னா.
யார் என்றேன்.
கப்பல் என்றான்.
கப்பலுக்கு இவ்வளவு கவனமாகவா
எழுத்து வெட்டுவார்கள்?
கேட்காமல் விட்டது அதையும்தான்.

இடம் மிச்சமாகுமென்று
என் வாளியை அவன் வாளிக்குள் போட்டு அமுக்கினான்.
சிக்கிக்கொண்டது.
அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்,
குளியலறைத் தரையில் உட்கார்ந்து
இழு இழு என்று இழுத்தோம்.
உள்ளே பனி போட்டால் சுருங்கும்,
வெளியே வெந்நீர் ஊற்றினால் விரியும் என்றான்.
பால்கனிக் கம்பியிலிருந்து பனியை வழித்து வந்தேன்,
இரவுச் சட்டையோடு, இடக்கைக் கையுறையோடு.
பனி கரைந்தது.
வெந்நீர் ஆறியது.
கீழ்வீட்டுக்காரர் இரண்டுமுறை கூரையைத் தட்டினார்.

இன்னும் பிரியவில்லை.
அப்படியேதான் தரை துடைக்கிறோம்,
உள்ளே நீலம், வெளியே துத்தநாகம்.
கனம் கொஞ்சம் அதிகம்.
தூக்கும்போது அடியில் பெயர் தெரியும்.
தரையில் வைத்துவிட்டால் தெரியாது.