பிரிவு ஒன்பது: அடங்காதவை

பராமரிப்பு ஒப்பந்தம் நான்கு பக்கம்.
மாதம் ஒரு வருகை. பம்ப்புக்கு எண்ணெய்.
வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டுவது.
அழுத்தமானியின் ஊசி எங்கே நிற்கிறதென்று
நீல மையில் ஒரு வரி.
மீதியெல்லாம் பிரிவு ஒன்பது: அடங்காதவை.

சுவருக்குள் நுழைந்துவிட்ட குழாய் அடங்காது.
துரு அடங்காது.
குடியிருப்போர் தாமாகத் திருகிய வால்வு அடங்காது.
ரெசெக்னே நகரத்து ஜனவரி
எழுதவே தேவையில்லை.

ஐந்து மாடி, நாற்பத்தெட்டு வீடு.
வெந்நீர் முதலில் உச்சிக்கு ஏறி
ஒவ்வொரு வீடாகக் கொடுத்துக்கொண்டே இறங்குகிறது.
கீழே வரும்போது கை விரிக்கிறது.

உச்சியில் ப்ரோனிஸ்லாவ்ஸ்: இருபத்தேழு டிகிரி.
சட்டையில்லாமல் உட்கார்ந்து
ஜன்னலைத் திறந்துவைத்துத் தெருவைக் காய்ச்சுகிறார்.
தரைத்தளத்தில் கெனோவெஃபா: பதினாறு.
கோட்டு போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு சீவுகிறாள்.
பில் மட்டும் சதுர மீட்டர் கணக்கு.
இந்தக் கட்டடத்தில் சமமாகப் பாய்வது அது ஒன்றுதான்.

பாதிச் செலவுக்கு மானியம், மீதிக்கு இருபது வருடக் கடன்.
சுவருக்குக் கம்பளி, புதுக் குழாய்,
தானே யோசிக்கும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி.
முப்பத்திரண்டு கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி.
முப்பத்தொன்றில் நின்றுவிட்டது.

"உன்னைத்தான் உள்ளே விடுவார், இங்குனா,"
என்று தாளை என் கருவிப் பெட்டிமேல் வைத்தாள்
சங்கத் தலைவி ஐவிதா,
அவர் கதவுக்கு நாலு தடவை ஏறி முழங்கால் வீங்கியவள்.

உள்ளே போனதும்தான் தெரிந்தது.
ரேடியேட்டர்மேல், மேசைமேல், குளியல் தொட்டியின் குறுக்கே
பலகை போட்டு அதன்மேலும்
தயிர்க் கோப்பைகளில் தக்காளி நாற்று. அறுநூறு இருக்கும்.
மே மாதச் சந்தையில் ஒன்று எண்பது சென்ட்.
"ஓய்வூதியத்தில் மருந்து வாங்கலாம்,
இல்லை சாப்பிடலாம்," என்றார்.
"இருபது டிகிரியில் இது முளைக்குமா, நீயே சொல்."

நான் கம்பிச் செடியைப் பற்றி என்ன கண்டேன்.
கெனோவெஃபாவின் கோட்டைச் சொன்னேன்.
தெரியும் என்றார். இருபத்தைந்து வருடமாகத் தெரியுமாம்.

பிறகு கேட்டார்:
"இதில் உனக்கு எவ்வளவு?"

பொய் சொல்ல நேரமிருந்தது.
ஒரு நாற்றின் இலை காற்றில் ஆடி நிற்கும் நேரம்.
"ஒன்றுமில்லை. பெட்டி வந்தால்
ரீகா கம்பெனிக்காரன் திரையில் பார்த்துக்கொள்வான்.
என் ஒப்பந்தம் முடிந்தது.
இந்தத் தெருவில் எனக்கு இதுபோல் ஏழு கட்டடம்."

சட்டையில்லாத மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.
தொப்பை குலுங்கி மண் சிதறியது.
"நஷ்டப்படுகிறவள் வந்து கேட்கிறாளே,
அப்போது உண்மையாகத்தான் இருக்கும்."
பேனாவைத் தேடி எடுத்தார். நிறுத்தினார்.
"வேலை மே மாதத்துக்குப் பிறகுதானே?"
"ஜூன்."
கையெழுத்தில் ஒரு விரல் மண்.

அக்டோபரில் கடைசி வருகை.
பெட்டியில் பச்சை விளக்கு. எனக்குச் செய்ய ஏதுமில்லை.
ஆனாலும் ஒவ்வொரு குழாயிலும் உள்ளங்கை வைத்துப் பார்த்தேன்.
ஒரே சூடு.
மேலே ஒரு ஜன்னல் சாத்தியிருந்தது.
படிக்கட்டில் கோட்டில்லாமல் எதிரே வந்த கெனோவெஃபா,
இன்னும் புழுங்குகிறது,
கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டாள்.