ஐந்து அவுன்ஸ்

டுலூத், பிப்ரவரி. தேவாலயத்தின் நிலவறையில்
தபால் தராசோடு உட்கார்ந்திருக்கிறேன்.
ஐந்து அவுன்ஸ். அதற்குமேல் கனக்கும் மரக் கார்
சரிவில் இறங்கக் கூடாது.

மூன்று வருடமாக மாரிட்
அண்ணனின் சாரணர் கூட்டம் முடியும்வரை
ஈரக் கோட்டுகள் தொங்கும் மூலையில் காத்திருந்தவள்.
மிச்சக் கயிற்றில் அவள் போட்ட முடிச்சை
அவிழ்க்கத் தெரியாமல்
ஒருநாள் நான்தான் கத்தரித்தேன்.

பெண்களைச் சேர்க்கலாமா என்று கேட்ட இரவில்
தூக்காத கைகள் மூன்று.
அதிலொன்று
இப்போது தராசைத் துடைத்துக்கொண்டிருக்கிறது.

விண்ணப்பத்தில் 'மகன்' என்ற சொல்லை அடித்த அவள் அம்மா
மேலே எதுவும் எழுதவில்லை.
பால்புட்டியோடு தம்பி,
துறைமுகச் சீருடை மாற்றாமல் அப்பா,
யாருடையதோ ஒரு நாய்.
நாற்காலி போதவில்லை.

மாரிட்டின் கார்.
முள் கோட்டைத் தாண்டியது, ஒரு மயிரிழை.
விட்டுவிடலாம்; யார் பார்க்கப் போகிறார்கள்?

"அதிகமா?"
"அதிகம்."

உப்புத்தாளை எடுத்துக்கொண்டு
அங்கேயே தரையில் உட்கார்ந்து தேய்க்கிறாள்,
ஊதுகிறாள், மறுபடி தேய்க்கிறாள்.
மரத்தூள் என் ஷூவின்மேல் படிகிறது.
காலை நகர்த்தவில்லை நான்.